முகம் பார்த்துப் பேசாதவர் படித்த எம்.பி.ஏ.

என் வீட்டுக்காரருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே ஒரு மாடிப்படியில்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணம் பேச வந்த அன்றைக்கு, "ரெண்டு பேரும் கொஞ்சம் தனியாப் பேசிக்கங்க" என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பிவைத்தார்கள். மேலே போய் நின்றோம். மனிதர் என் செருப்பைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், மறுபடி என் செருப்பைப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. இது தேறாது, அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு நான் முன்னால் இறங்கினேன். அவர் பின்னால் வந்தார். முதல் படியில் ஆரம்பித்தார் பாருங்கள், கடைசிப் படி வரைக்கும் நிறுத்தவில்லை. தான் பி.காம். முடித்தது, எம்.பி.ஏ.வுக்கு இடம் கிடைத்து இரண்டே வாரம் வகுப்பில் உட்கார்ந்தது, அப்பா வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டதால் படிப்பை விட்டுவிட்டு அவருடைய முடிவெட்டும் கடையில் கத்தரியை எடுத்தது, அந்தக் கை அப்புறம் சரியாகவே ஆகாதது, எல்லாவற்றையும் என் பின்னந்தலையிடம் கொட்டித் தீர்த்துவிட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நாள் முழுக்க நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறவர். அவர் பார்ப்பது பிடரி, காதோரம், உச்சி. அதைப் பார்த்தால்தான் பேச்சு வரும். முகத்துக்கு நேராக நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எங்களுக்குள் ஒரு சண்டை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால்கூட நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். கோபத்தில் நான் சட்டென்று திரும்பி முறைத்தால் போச்சு, பாதி வாக்கியத்தில் மனிதர் அணைந்துவிடுவார். எனக்கோ மருந்துக் கடையில் பில் போடும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே என் முகத்துக்கு நேராக வந்து கத்திவிட்டுப் போகும். வீட்டுக்கு வந்தால் இப்படி ஒருவர். என் தலையெழுத்து.

அவருக்கு நாற்பது தாண்டிய பிறகு ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எம்.பி.ஏ.வுக்குப் பணம் கட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை வகுப்பு."

கையில் இருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. "எதுக்குங்க இந்த வயசுல? ஒத்த நாற்காலி போட்ட கடைக்கு மேனேஜ்மென்ட் படிப்பா? யாரை மேனேஜ் பண்ணப் போறீங்க, அந்த நாற்காலியையா?"

"அன்னைக்கு ரெண்டு வாரம் உக்காந்த பெஞ்சு, இன்னும் எனக்குப் பாக்கி இருக்குற மாதிரியே இருக்கு."

தட்டை எடுத்து மறுபடி கழுவினேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியவில்லை. முடிவெட்டும் கடையில் ஞாயிறுதானே கூட்டம்! வியாபாரம் எப்படிச் செய்வது என்று படிப்பதற்காக, வியாபாரம் நடக்கிற ஒரே நாளில் கடையைப் பூட்டிக்கொண்டு போன மனிதரை உலகத்தில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

படிப்பு ஏற ஏறக் கூத்தும் ஏறியது. கடையின் நிர்வாக அமைப்பு என்று ஒரு படம் வரைந்தார். மேலே ஒரு கட்டம், நிர்வாக இயக்குநர், அவர். நடுவில் ஒரு கட்டம், செயல்பாட்டு மேலாளர், அவரே. கீழே கடைநிலை ஊழியர், அதுவும் அவர்தான். "நடுவுல இருக்குறவரு லீவு போட்டா என்னப்பா பண்ணுவீங்க?" என்று எங்கள் மகள் கேட்டாள். அதை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து யோசித்தார். இன்னொரு நாள் என் பிறந்த வீட்டாரின் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது பிடித்தேன். ஆபத்துக் கட்டத்தில் என் தம்பி பெயர் இருந்தது. பலம் என்ற கட்டம் காலி. அன்றைக்கு நான் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை, நேருக்கு நேராகவே நின்று கேட்டேன். பாவம், ஒரு பதிலும் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சை ஒன்றைக்கூட விடவில்லை, எல்லாவற்றிலும் நல்ல மார்க். காரணம் அவருடைய வாடிக்கையாளர்கள். துணியைக் கழுத்தில் கட்டி உட்காரவைத்து விட்டால் அந்த ஆள் எங்கே ஓடுவார்? ஒருவருக்குச் சந்தைப்படுத்தல், ஒருவருக்கு நிதி மேலாண்மை என்று பாடத்தைப் பிடரி பிடரியாகச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் பண்ணிவிட்டார். ஒரு தடவை சப்ளைச் சங்கிலி என்ற பாடத்தைப் பாதியில் விட மனம் வராமல், வேலை முடிந்தும் ஒருவரை அரை மணி நேரம் எழுந்திருக்கவிடாமல் சீப்பால் வாரிக்கொண்டே இருந்தாராம். அந்த ஆள் அடுத்த மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்.

அதிகம் கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் பேங்க் சார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதுக்கு மேலே ஒரு வளையம் போல முடி இருக்கும், மற்ற இடமெல்லாம் பளபளவென்று மைதானம். அதற்கு வாராவாரம் வருவார். முடி வெட்ட இல்லை, விவாதம் பண்ண. அப்படிப்பட்ட மனிதரையும் இவர் படிப்பு பதம் பார்த்துவிட்டது.

எம்.பி.ஏ.வில் கடைசியாக ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். இவர் தன் கடையையே எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர்களை வகைவகையாகப் பிரித்து ஒரு பெரிய அட்டையில் எழுதினார். மாணவர்கள், வளரும் சந்தை. அலுவலகம் போகிறவர்கள், நிலையான சந்தை. மூன்றாவதாக, சரிந்துவரும் சந்தை என்று போட்டு, அதற்குக் கீழே உதாரணத்துக்கு ஒரு படமும் வரைந்தார். மூக்குக்கண்ணாடி, காதுக்கு மேலே வளையம், நடுவில் மைதானம். வரைந்தது போகட்டும். அந்த அட்டையைக் கொண்டுபோய் நாற்காலிக்கு எதிரே, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார் புத்திசாலி. பேங்க் சார் துணியைக் கட்டிக்கொண்டு அதற்கு நேராக உட்கார்ந்து, வளர்ச்சி விகிதம் பற்றி இவர் பின்னால் பேசப்பேச, அட்டையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்திருக்கிறார். படித்துவிட்டுக் கழுத்துத் துணியோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த வளையம் நீண்டு காதை மூடியது. தெருவில் எதிரே வந்தால் இவர் முகத்தைப் பார்க்காமல் போவார். இவருக்கும் முகத்தைப் பார்த்துப் பேச வராது. இரண்டு பேரும் இப்படியே போனால் எப்போது சமாதானம் ஆவது? கடைசியில் நான்தான் இவரைக் கூட்டிக்கொண்டு பேங்க் சார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் வெடுக்கென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். அது போதுமே! இவர் அந்தப் பிடரியைப் பார்த்து, தான் செய்தது மடத்தனம் என்றும், அவரில்லாமல் நாற்காலியே காலியாக இருக்கிறதென்றும் மனசிலிருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி சரி, மெஷினைக் கொண்டாந்திருக்கியா?" என்றார்.

இதெல்லாம் சிரிக்க வேண்டிய சமாசாரம். சிரிக்க முடியாததுதான் இனிமேல் வருகிறது.

புராஜெக்டுக்கு ஒரு நேர்முகத் தேர்வு உண்டு. மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், நின்று பதில் சொல்ல வேண்டும். போனார். நுழைந்து நின்றார். புராஜெக்டின் தலைப்பு என்ன என்று கேட்டார்கள். பதில் இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். மறுபடி கேட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய தேர்வாளரையே பார்த்தபடி நின்றவர், கடைசியாக வாயைத் திறந்து சொன்னாராம், "சார், உங்க இடது கிருதா கொஞ்சம் எறங்கியிருக்கு."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபெயில்.

இவருடைய புராஜெக்ட் கைடு ஒரு சின்ன வயசு மேடம். என்னை மருந்துக் கடைக்கே தேடிவந்து சொல்லிவிட்டுப் போனார். "எல்லாப் பேப்பரும் நல்லா எழுதியிருக்காரும்மா. இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதுலயும் பேசலேன்னா பதிவுக் காலம் முடிஞ்சிடும், எழுதின பேப்பர் எல்லாமே வீணாயிடும். எப்படியாவது பேச வைங்க."

எனக்கு அன்றைக்குப் பில்லில் கை ஓடவில்லை. இந்தப் படிப்பை முதல் நாளிலிருந்து திட்டியவள் நான்தானே, தொலைந்தது சனியன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாமா? இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மறந்து வைத்துவிட்டுப் போன அடையாள அட்டையைக் கொடுக்க அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தன் மகள் வயசுப் பிள்ளைகளுக்கு நடுவே, முதல் பெஞ்சில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் போர்டில் எழுதத் திரும்பும்போதெல்லாம் இவருக்குச் சந்தேகம் வந்தது, அவர் முதுகைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. அந்தப் பெஞ்சை மறுபடியும் இவரிடமிருந்து பிடுங்க விடுவதா?

வீட்டில் பயிற்சி ஆரம்பமாயிற்று. மகள், பேங்க் சார், நான் மூன்று பேரும் தேர்வாளர்களாகச் சோபாவில் உட்கார்ந்தோம். எதிரே இவர். மகள் மிடுக்காக, "உங்க புராஜெக்டோட நோக்கம் என்ன?" என்றாள். இவர் அவளுடைய செருப்பைப் பார்த்தார். மூன்று பேரும் திரும்பி உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டோம். அருவி மாதிரி கொட்டினார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால் குழாயை மூடியதுபோல நின்றுவிட்டது.

"அந்த மூணு பேரையும் திரும்பி உக்காரச் சொல்ல முடியுமா?" என்றார் பேங்க் சார்.

"எங்களை நெனச்சுக்காதீங்கப்பா. பின்னாடி இருக்குற சுவரைப் பார்த்துப் பேசுங்க" என்றாள் மகள்.

முயற்சி செய்து பார்த்தார். சுவருக்குத் தலை இல்லையே, பேச்சு வரவில்லை. "எனக்கு இது வராதும்மா. விட்டுடலாம்" என்று கத்தரியைத் துடைக்கப் போய்விட்டார்.

இரண்டாவது நேர்முகத் தேர்வுக்கு நானும் கூடப் போனேன். எப்படி நடுங்கினார் தெரியுமா? பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முன் சீட்டுக்காரர் பிடரியிடம் பாதி புராஜெக்டை ஒப்பித்துவிட்டார். அந்த ஆள் பயந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

அறைக்குள் இவரைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. கதவில் என் தலை உயரத்துக்கு ஒரு கண்ணாடிச் சதுரம், மேலே திறந்திருந்த ஒரு வென்டிலேட்டர். வாசலில் நின்ற பியூன் அண்ணன் தேநீர் வாங்கப் போன சமயம் பார்த்துக் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டேன். தேர்வாளர்கள் மூவரும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அதே பெரிய தேர்வாளர். லேசாகத் தலையைத் திருப்பியபோது பார்த்தேன், கிருதாவைத் திருத்திக்கொண்டு வந்திருந்தார், என் கண்ணுக்கு இரண்டும் சமமாகத்தான் தெரிந்தது. அவர்களுக்கு அந்தப் பக்கம், கதவைப் பார்த்தபடி இவர்.

"சொல்லுங்க, உங்க புராஜெக்ட் எதைப் பத்தினது?"

ஒன்றுமில்லை.

"பரவாயில்ல, நிதானமாச் சொல்லுங்க."

நல்ல மனிதர்கள்தான். பொறுமையாகத்தான் கேட்டார்கள். இவர் வாய் திறந்தது, மூடியது. நெற்றியில் வியர்வை. கழுத்துவரை போட்ட பொத்தான் ஏறி இறங்கியது. அப்போது இவருடைய கண் மேலே வந்து, கண்ணாடியில் என் முகத்தில் நின்றது. பேசுங்க, பேசுங்க என்று உதட்டை அசைத்தேன். கெஞ்சினேன். கையைக் கூப்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் இன்னும் மோசமாகிவிட்டது, இருந்த கொஞ்ச ரத்தமும் முகத்திலிருந்து வடிந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் என் பின்னந்தலையிடம் வாய் ஓயாமல் பேசினீர்களே, இன்றைக்கு ஒரு நாள் பேசினால் என்ன குடி முழுகிவிடும்! இந்தக் கண்ணராவியைப் பார்க்க என்னால் முடியாது என்று வெடுக்கென்று திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"என் கடைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் சார்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்தான்! தலைப்பு வந்தது, நோக்கம் வந்தது, சந்தை ஆய்வு வந்தது. மாடிப்படியில் கேட்ட அதே குரல், அதே வேகம். எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடப்பாவி மனுஷா, என் கொண்டையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்!

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! தேநீரோடு திரும்பிவந்த பியூன் அண்ணன், "ஏம்மா, கதவை மறைச்சிட்டு நிக்கிறீங்க? அந்தப் பெஞ்சுல போய் உக்காருங்க" என்றார்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் நகர்ந்தா என் வீட்டுக்காரர் ஃபெயிலாயிடுவாரு" என்று தலையை அசைக்காமல் பல்லிடுக்கில் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேண்டுமானால் இங்கேயே உட்காருங்கள் என்று பாவம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தால் தலை கண்ணாடிக்குக் கீழே போய்விடாதா? வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினேன். கால் மரத்தது. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து என் பிடரியில் உட்கார்ந்து உலாவ ஆரம்பித்தது. கையைத் தூக்கினால் மறைத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டேன். நடுவில் ஒரு தும்மல் வந்து, என்னையறியாமல் முகம் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. உள்ளே, "நிலையான செலவுகளைக் கழிச்..." என்று குரல் அந்தரத்தில் நின்றது. பதறிப்போய்த் தலையை நேராக்கினேன். "...சிட்டா மிச்சம் வர்றது இதுதான் சார்" என்று தொடர்ந்தது.

கடைசியாகப் பெரிய தேர்வாளர் கேட்டார். "எதிர்லயே ஒரு பெரிய கடை வந்தா, இருக்குற வாடிக்கையாளர் போயிடாம எப்படிப் பாத்துப்பீங்க?"

நான் தலையை இன்னும் நேராக்கிக்கொண்டேன்.

"போகாம தடுக்க முடியாது சார். ஒருத்தரை நானே போக வெச்சிருக்கேன்" என்று இவர் பேங்க் சாருடைய கதையை ஆரம்பித்தார். அட்டை, படம், மைதானம் எல்லாம் வந்தது. உள்ளே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. "வகை பிரிச்சது தப்பில்ல சார், அது பாடத்துல இருக்கு. அதைக் கண்ணாடி பக்கத்துல ஒட்டினது என் புத்தி. அப்புறம் வீட்டுக்கே போய்க் கேட்டுக்கிட்டேன், வந்துட்டாரு. கூட்டிட்டுப் போனது என் சம்சாரம். நானாப் போயிருந்தா இன்னும் தெருவுலதான் நின்னுட்டிருப்பேன்."

கதவு திறந்தது. நான் அப்போதும் திரும்பவில்லை, எதற்கு வம்பு என்று. உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்த கைடு மேடம் முன்னால் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாஸும்மா! நல்ல மார்க். ஆனா சார் ஒண்ணு சொன்னாரு, பதில் எல்லாம் பிரமாதம், எங்களை ஒரு தடவைகூடப் பாக்கல, கதவையே பாத்துக்கிட்டு இருந்தாராம். கதவுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்தப் பக்கம்ல பாத்துட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாகப் பிடரியைச் சொரிந்துகொண்டேன்.

மாடிப்படிக்கு வந்ததும் இவர் வேகமாக இரண்டு படி இறங்கி, எனக்கு எதிரே திரும்பி நின்றார். என்னவோ சொல்ல வேண்டுமாம். வாயைத் திறந்தார். மூடினார். என் செருப்பைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சரிதான் என்று அவரைச் சுற்றிக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன்.

"நீ திரும்பினதும், என்னை விட்டுட்டுப் போகப் போறேன்னு நெனச்சேன்" என்றது பின்னாலிருந்து குரல். "நீ போறதுக்குள்ள எப்படியாவது சொல்லி முடிச்சிடணும்னு இருந்துச்சு. அதான் பேச்சு வந்துச்சு."

நான் எங்கேங்க போகப் போறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் நின்றுவிடுமே என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"அப்புறம், பின்னாடி அஞ்சாறு முடி நரைச்சிருக்கு. வீட்டுக்குப் போனதும் சாயம் போட்டுவிடறேன். அந்த நடு ஆளுக்கு இந்தத் தடவை வலது கிருதா எறங்கிப்போச்சு, நான் வாயைத் திறக்கலையே. பியூன் அண்ணன் எதுக்கு உனக்கு நாற்காலி போட்டாரு? பேங்க் சாருக்குப் போன் பண்ணணும். அந்த ஈயை நானும் பாத்தேன், அந்த நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியல..."

கடைசிப் படி வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. நானும் மெதுவாகத்தான் இறங்கினேன்.